பின் நம்பரா, ஒரு மணி நேரமா, ஆச்சியா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் டிவி ஒன்று, பார்க்கிறவர்கள் ஐந்து பேர். அதில் ஐந்து வயதுப் பையனும் மூன்றாம் வகுப்பு மகளும் என்ன பார்க்கலாம் என்பதற்கு மூன்று வழிகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாயிற்று.

முதலில் பூட்டு. செட்டாப் பாக்ஸில் பின் நம்பர் போட்டுச் சேனலை அடைக்கலாம். சுலபம்தான். ஆனால் எங்கள் பாக்ஸில் சேனலைத்தான் பூட்ட முடிகிறது, நிகழ்ச்சியை அல்ல. ‘ஏ’ சான்றிதழ் படத்தை டிவியில் போடவே கூடாது என்பதால், அந்தக் கவலை ஏற்கெனவே பாதி குறைந்துவிடும். எங்கள் தலைவலி ராத்திரி எட்டு மணி சீரியல். அந்தச் சேனலைப் பூட்டினால் என் அம்மாவுக்கு, அதாவது பிள்ளைகளின் ஆச்சிக்கு, பொழுது போகாது. பூட்டியும் பார்த்தேன். நாலு எண் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. பேரனிடம் சொல்லி வைத்துவிட்டார். “ஏல, அந்த நம்பரைப் போடு” என்றதும் அவன் ஓடி வந்து அமுக்குவான். பூட்டுக்குக் காவல் யாரென்று பாருங்கள்.

ஓடிடியில் பூட்டு உருப்படியாக வேலை செய்கிறது. மத்திய அரசின் 2021 விதிகளின்படி படங்களுக்கு 7+, 13+, 16+ என்று வயது போட வேண்டும்; 13+ முதல் பூட்டும் வசதியும் தர வேண்டும். பிள்ளைகளுக்குத் தனி புரொஃபைல் போட்டுவிட்டால் கொஞ்சம் நிம்மதி.

அடுத்தது நேரக் கணக்கு. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தினர். பள்ளி நாளில் இது நன்றாக ஓடும். மே மாதத்தில்? நம்மூர் மத்தியான வெயிலில் பிள்ளையை வெளியே விட முடியுமா? சாயங்காலமானால் குறுக்குத்துறைக்கோ கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்கோ கூட்டிப் போகலாம். பதினொன்றிலிருந்து நாலு வரைதான் கஷ்டம். கார்ட்டூன் பாதியில் அணைத்தால் ஒரே அழுகை வேறு. மணிக்கணக்கை விட்டு ‘ரெண்டு எபிசோட்’ என்று மாற்றிய பிறகு சண்டை குறைந்தது. யூடியூபில் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அந்த ரெண்டுக்கு முடிவே கிடையாது.

மூன்றாவது, கூட உட்கார்ந்து பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம் என்றாலும். போன மாதம் சீரியலில் ஒருத்தி மருமகளின் பாலில் எதையோ கலந்தாள். பையன் ஆச்சியின் மடியில் இருந்தான்.

“ஆச்சி, அவ ஏன் பால்ல மருந்து போடுதா?”

“மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல. அவ நடிக்கால. ‘கட்’டுன்னதும் ரெண்டு பேரும் சேர்ந்து காப்பி குடிப்பாளுவ.”

எந்தப் பூட்டும் இப்படிப் பதில் சொல்லாது. அதற்காக அந்தச் சீரியலை அவன் பார்க்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அவனுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு, அதுவும் அடுக்களையில். மகளுக்கு மட்டும் ஆச்சி பக்கத்தில் இருந்தால் அனுமதி.

நேற்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தான்: “ஆச்சி, அவ காப்பி குடிச்சிட்டாளா?”