ரேடியோவில் பேட்டரி கசிந்ததைச் சுத்தம் பண்ணக் கொடுத்து 1,450 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் முழுசாகத் தெரிந்தது, ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு சந்தூர் பக்கம் மாந்தோப்பு. பெங்களூரா காய் முற்ற ஆரம்பித்தால் கடைசி லோடு மண்டிக்குப் போகிறவரை அப்பா ராத்திரி காவலுக்குத் தோப்பிலேயே படுத்துக்கொள்வார். துணைக்கு மூணு கட்டை டார்ச் ஒன்று, சின்ன ரேடியோ ஒன்று. ரேடியோ பாடிக்கொண்டிருந்தால் ஆள் முழித்திருக்கிறான் என்று திருட வருகிறவன் கிட்டே வரமாட்டான், அவருக்கும் தூக்கம் வராது. சீசன் முடிந்ததும் இரண்டையும் பரணில் போட்டுவிடுவோம். போன வருஷம் செல்லைக் கழற்றாமல் போட்டுவிட்டோம். இந்த வருஷம் இறக்கினால் ரேடியோவின் பேட்டரி மூடி ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. நெம்பித் திறந்தால் நாலு பென்சில் செல்லில் இரண்டு தண்ணி விட்டு, அடியில் சுவர் பூத்த மாதிரி வெள்ளையாக உப்பு, ஸ்பிரிங் ஓரமெல்லாம் பச்சை. புது செல் போட்டும் சத்தம் வரவில்லை.

கிருஷ்ணகிரியில் செல்போன், ரிமோட், ரேடியோ எல்லாம் பார்க்கும் ஒரு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பேரை எழுதப்போவதில்லை. அந்த ஆள் ரேடியோவைக் கையில் வாங்கின விதத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, மூடியைத் திறந்து, ஒரு நிமிஷம் பேசாமல் பார்த்தார். அப்புறம் "இது ஆசிட்ங்ணா, உள்ள போர்டு வரைக்கும் இறங்கிடுச்சு, வெளிய துடைச்சா ஆகாது" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். தோப்பு என்று சொன்னதும், "எங்கப்பாவும் காவலுக்குப் படுத்தவர்தாங்ணா, ரேடியோ இல்லாம அவருக்கு ராத்திரி போவாது, நான் பார்த்துத் தர்றேன், கவலைப்படாம போங்க" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது? பில் கேட்கவில்லை. 250 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூணாம் நாள் போன் வந்தது. போர்டைக் கழற்றி கெமிக்கலில் ஊறப்போட வேண்டும், 600 ஆகும் என்றார். அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து போர்டில் இருக்கிற ஐசி சிப் போயிருக்கிறது, ஸ்பிரிங் செட்டும் மாற்ற வேண்டும், இன்னொரு 600. அதையும் அனுப்பினேன். மொத்தம் 1,450 ரூபாய். நாலு செல் போடும் ரேடியோவுக்கு 1,450.

அதற்கப்புறம் அலைச்சல். "ஸ்பேர் பெங்களூர்ல இருந்து வரணும்ங்ணா." "பையன் சாப்பிடப் போயிருக்கான், அவன்கிட்டதான் இருக்கு." "வெள்ளிக்கிழமை வாங்க." வெள்ளிக்கிழமை போனால் கடை பூட்டியிருக்கிறது. போன் அடித்தால் முதலில் கட் பண்ணினார், அப்புறம் எடுக்கவே இல்லை. தோப்பு வேலையை விட்டுவிட்டு நாலு தடவை பஸ் ஏறியிருக்கிறேன். முதல் நாள் அண்ணா அண்ணா என்று கூப்பிட்ட அதே ஆள், கடைசித் தடவை முகத்தைக்கூட நிமிர்த்தாமல் ரேடியோவை கவுண்டர்மேல் தள்ளிவிட்டு, "பழைய மாடல், இவ்ளோதான் முடியும்" என்றார். செல் போட்டதும் கொஞ்சம் கரகரவென்று பாடியது. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள்கூட ஓடவில்லை.

நேற்று என் அக்கா பையன் வந்திருந்தான், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவன். பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இந்த போர்டை யாரும் தொடவே இல்ல" என்றான். நானும் குனிந்து பார்த்தேன். பரண் தூசி அப்படியே படிந்திருக்கிறது, ஒரு மூலையில் பழைய சிலந்திக்கூடுகூடக் கலையவில்லை. ஐசி மாற்றினால் புது ஈயம் பளபளவென்று தெரியுமாம், எல்லாம் பழைய ஈயம். ஸ்பிரிங்கும் பழைய ஸ்பிரிங்தான். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வேலை. ஸ்பிரிங்மேல் இருக்கிற நிக்கல் பூச்சு தேய்த்ததில் போய்விட்டது, அடியில் வெறும் இரும்பு, அது தோப்பு ஈரத்துக்கு இப்போதே துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டு, இருந்ததையும் கெடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர் சொன்ன ஆசிட் கதையும் பொய். ரேடியோவில் நான் போட்டது அல்கலைன் செல். அதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஆசிட்டுக்கு நேர் எதிரான காரம். தீர்ந்துபோன செல்லை உள்ளேயே விட்டால் வாயு சேர்ந்து சீல் விட்டு அது வெளியே வரும், காற்றில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டதும் வெள்ளை உப்பாகிவிடும். காரத்துக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ காது குடையும் பஞ்சில் தொட்டு வைத்தால் போதும். அரை எலுமிச்சம்பழ வேலை! அதற்கு 1,450.

டார்ச்சும் அதே பரணில் கிடந்து கசிந்திருந்தது. அதில் சாதாரணக் கட்டை, கார்பன் துத்தநாக வகை, அதன் வெளிக்கூடே கரைந்து ஓட்டையாகும், கசிவும் அமிலப் பக்கம். அதனால் அக்கா பையன் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணியில் குழைத்துத் தடவி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்தான். எங்கள் அம்மாவின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த சோடா. அரை மணி நேரத்தில் டார்ச் எரிந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது, ஏனென்றால் ரேடியோவையும் முதல் நாளே இவனிடம் கொடுத்திருந்தால் இன்றைக்குத் தோப்பில் பாடிக்கொண்டிருக்கும்.

எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது மனசு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கையுறை போடுங்கள், அந்த வெள்ளைத்தூளை வாயால் ஊதாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. அல்கலைன் செல் கசிவுக்கு எலுமிச்சைச் சாறை அப்படியே ஊற்றக் கூடாது, பஞ்சில் தொட்டு ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் மட்டும் வையுங்கள், நுரைத்து அடங்கியதும் துடைத்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் (சீக்கிரம் ஆவியாகிற, எலக்ட்ரானிக்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்) தொட்டு மறுபடி துடையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு புது செல். எல்லாமே புதுசாகப் போடுங்கள், பழசும் புதுசும் கலக்காதீர்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் அது வேறு வகை, அதைக் குத்தவோ கழுவவோ போகாதீர்கள். கடையில் கொடுப்பதாக இருந்தால் பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசப்போகிறேன். பில் இல்லை, ஆனால் போனில் பணம் அனுப்பினது இரண்டும் 600, 600 என்று தேதியோடு இருக்கிறது. நாளைக்குக் காலையில் முதல் பஸ்ஸில் கடைக்கும் போகிறேன், இந்தத் தடவை ரேடியோவைத் திறந்து அந்தச் சிலந்திக்கூட்டை அவர் கவுண்டர்மேல் வைத்துக் காட்டிவிட்டு 1,450 ரூபாயைக் கேட்பேன்.