ஏஹெச்ஐ 1.9, மதியம் மூன்று மணிக்குக் கொட்டாவி: ஏர்சென்ஸ் 10, நான்கு வருடத்துக்குப் பிறகு

"மெஷின்ல ஏஹெச்ஐ 1.9தான் காட்டுது. செயலியில தினமும் நூத்துக்கு நூறு. ஆனா மதியம் மூணு மணிக்குக் கண்ணு சொக்குது. வேற மெஷின் வாங்கணுமா?"

நண்பர் கேட்டது இது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோய் (ஸ்லீப் அப்னியா) அவருக்கு. மாஸ்க் வழியாக அழுத்தமான காற்றைத் தந்து தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷினைத்தான் சொல்கிறார். ஏஹெச்ஐ என்பது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண். பதில் ஒரு வரியில் முடியாது. வேறு மெஷின் வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடலாம். அவரிடம் இருப்பது, காற்றழுத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட். நல்ல கருவி. நான்கு வருடம் தினமும் ஓடியும் மோட்டார் சத்தம் கூடவில்லை. இரவு முழுக்க ஒவ்வொரு மூச்சையும் பதிவு செய்கிறது. இவ்வளவு விவரத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு காலையில் ஒரு சிரிப்பு முகத்தைக் காட்டி அனுப்பிவிடுகிறதே, எரிச்சல் அங்கேதான்.

அந்த நூற்றுக்கு நூறு எப்படி வருகிறது? மணிக்கு 10 வீதம் 7 மணி நேரம் மாட்டியிருந்தால் 70. காற்று கசியாவிட்டால் 20. மூச்சுத்தடைகள் குறைவாக இருந்தால் 5. இரவில் மாஸ்க்கைக் கழற்றிக் கழற்றி மாட்டாமல் இருந்தால் 5. எந்த நோய்க்காக மெஷின் வாங்கினோமோ அதற்கு நூற்றில் ஐந்து மதிப்பெண்! வகுப்புக்கு வந்து உட்கார்ந்ததற்கே பாஸ் போடுகிற வாத்தியார். புதிதாக மாட்டுபவர்கள் பாதியில் விட்டுவிடாமல் இருக்க இது உதவும், மறுக்கவில்லை. சோர்வுக்குக் காரணம் தேடுபவருக்கு இதனால் பயனில்லை.

ஏஹெச்ஐ என்பதும் முழு உண்மை இல்லை. 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோதான் அது ஒரு எண்ணிக்கை. 8 விநாடி மூச்சு திணறி, மூளை லேசாக விழித்து, மறுபடி தூங்கிப்போனால் அது கணக்கிலேயே வராது. விழித்தபடி படுத்திருக்கும் நேரத்தையும் மெஷின் வகுக்கும் மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்ளும். மேலும் இது சராசரி. 8 மணி நேரத்துக்கு மணிக்கு 2 என்றால் மொத்தம் 16. அந்தப் பதினாறும் விடியற்காலை ஒரே மணி நேரத்தில், கனவுத் தூக்கம் அதிகம் வரும் நேரத்தில் வரிசையாக வந்திருந்தால்? காட்டுவது என்னவோ 2தான்.

அதனால் பார்க்க வேண்டியது மெஷின் எல்லாவற்றையும் எழுதிவைக்கும் எஸ்டி கார்டு. மெஷினின் பக்கவாட்டில் சின்ன மூடிக்குள் இருக்கும். இல்லையென்றால் 32 ஜிபிக்குள் ஒன்று வாங்கிப் போடுங்கள். கார்டு இல்லாத இரவுகளுக்கு மூச்சு மூச்சான வரைபடம் கிடைக்காது. கணினியில் செருகும் முன் கார்டின் ஓரத்திலுள்ள பூட்டுக் கட்டையைக் கீழே தள்ளுங்கள். இல்லாவிட்டால் கணினி அதில் எதையாவது எழுதி வைக்கும், மெஷின் கார்டைக் குறை சொல்லும். படிக்க ஆஸ்கார் என்ற இலவச மென்பொருள் போதும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது ஏஹெச்ஐ அல்ல, ஃப்ளோ ரேட் கோடு, அதாவது மூச்சுக்காற்று ஓடும் வேகத்தின் வரைபடம். மூன்று நிமிடம் மட்டும் தெரியும்படி பெரிதாக்குங்கள். கோடு மேலே போவது மூச்சை இழுப்பது. நல்ல மூச்சு குன்று மாதிரி உருண்டையாக இருக்கும். தொண்டை பாதி அடைத்திருந்தால் உச்சி மேசை மாதிரித் தட்டையாகும், அல்லது நடுவில் பள்ளம் விழுந்து இரட்டைத் திமிலாகும். இப்படித் தட்டை மூச்சு பத்து இருபது வந்து, பிறகு திடீரென்று இரண்டு மூன்று மூச்சு உயரமாக எழும்பி, மறுபடி ஒழுங்காகிறதா? அந்த உயரமான மூச்சுகளில் பெரும்பாலும் மூளை விழித்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இப்படிப் பதினைந்து இருபது தடவை நடந்தால், ஏஹெச்ஐ 1.9 ஆக இருந்தாலும் தூக்கம் துண்டு துண்டுதான். மதியக் கொட்டாவி அங்கிருந்து வருகிறது.

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரே ஒரு அமைப்பு: குறைந்தபட்ச பிரஷர் 4 (சென்டிமீட்டர் நீர் அளவில்). பெட்டியிலிருந்து வரும்போது 4 முதல் 20 வரை என்று இருக்கும். விற்பவர் மாஸ்க்கை மாட்டிக்காட்டிவிட்டு, "ஆட்டோ சார், அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதுவே பார்த்துக்கொள்ளாது. தட்டை மூச்சோ குறட்டையோ அடைப்போ வந்த பிறகுதான் அது பிரஷரை ஏற்றத் தொடங்கும். தேவை 9 என்றால், 4-லிருந்து அங்கே போய்ச் சேரப் பல நிமிடம். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிடும். பிறகு அமைதியானால் மெல்ல இறங்கும், அடுத்த அடைப்பு வரும், மறுபடி ஏறும். இரவு முழுக்க பிரஷர் கோடு மலைத்தொடர் மாதிரி இருந்தால் இதுதான் கதை. போதாக்குறைக்கு, முழு முக மாஸ்க் போட்டவர்களுக்கு 4 என்பது காற்றே பற்றாத உணர்வு. விட்ட மூச்சு வெளியேறும் ஓட்டைகளில் அந்த அழுத்தத்தில் ஓட்டம் குறைவு.

மாற்றும் விதம்: ஹோம் பட்டனையும் திருகு குமிழையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் மருத்துவர் மெனு வரும். பிரஷர் என்பது மருந்துச் சீட்டில் எழுதிய அளவு மாதிரி, ஆகவே தூக்க மருத்துவரிடம் வரைபடத்தைக் காட்டிவிட்டு மாற்றுவதே முறை. இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் நோய், மைய மூச்சின்மை (தொண்டை அடைக்காமலே, மூளை கட்டளை தராததால் மூச்சு நிற்பது) இருப்பவர்கள் தாமாகத் தொடவே கூடாது.

ஒரு வார சராசரியில் பிரஷரின் இரண்டு எண்களை எடுங்கள்: மீடியன் (பாதி நேரம் பிரஷர் இதற்குள் இருந்தது), 95 சதவீதம் (நூற்றில் 95 பங்கு நேரம் இதற்குள் இருந்தது). உதாரணமாக மீடியன் 8.4, 95 சதவீதம் 10.6. அப்படியானால் குறைந்தபட்சத்தை 4-லிருந்து ஒரேயடியாக 8-க்குத் தூக்காமல் 6, பிறகு 7, பிறகு 8. ஒவ்வொரு படிக்கும் நான்கைந்து இரவு. மெஷின் 0.2 அளவில் மாற்றவிடும், தாங்க முடியாதவர்கள் இன்னும் சின்னப் படிகளாக ஏறலாம். அதிகபட்சம் 20 எதற்கு? வாய் திறந்து காற்று கசியும் நேரத்தில் அது 15, 16 என்று ஏறி மாஸ்க்கையே முகத்திலிருந்து தள்ளும். இந்த உதாரணத்துக்கு 13 போதும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அடுத்தது ஈபிஆர். மூச்சை விடும்போது பிரஷரை 1, 2 அல்லது 3 குறைக்கும் வசதி. இதை வெறும் சௌகரியம் என்று நினைத்து 3 வைத்துவிட்டு, "ஏஹெச்ஐ கூடிப்போச்சு" என்று புலம்புகிறவர்கள் அதிகம். கணக்கு எளிது: பிரஷர் 8, ஈபிஆர் 3 என்றால் மூச்சை விடும்போது 5தான் இருக்கிறது. தொண்டை மூடத் தொடங்குவது பெரும்பாலும் மூச்சு விட்டு முடிக்கும் அந்தக் கட்டத்தில். அங்கே தாங்கிப் பிடிப்பது 5, எட்டு அல்ல. எனவே ஈபிஆரை ஏற்றினால் குறைந்தபட்சத்தையும் சேர்த்து ஏற்ற வேண்டும். (ஒன்றையொன்று ஈடுகட்டும் இந்த ஜோடியை மட்டும் ஒரே மாற்றமாகக் கொள்ளலாம்.) பிரஷர் 4-ல் நிற்கும்போது ஈபிஆர் எதுவுமே செய்யாது, 4-க்குக் கீழே அது இறங்காது. இரண்டும் சரியாக அமைந்தால் தட்டை மூச்சுகள் உருண்டையாவதைக் கோட்டிலேயே பார்க்கலாம், ஏனென்றால் இழுக்கும்போது மெஷின் 3 அளவுக்குக் கைகொடுக்கிறது. ராம்ப் என்பது படுத்தவுடன் குறைந்த பிரஷரில் தொடங்கி மெல்ல ஏற்றும் வசதி. மெனுவில் ஈபிஆர் "ராம்ப் நேரம் மட்டும்" என்று இருந்தால் "முழு நேரம்" என்று மாற்றுங்கள். ராம்ப்பையே அணைத்துவிடுவது நல்லது. குறைந்தபட்சம் 7, 8 பழகியவருக்கு அது தேவையில்லை.

கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. ஆஸ்காரில் கிளியர் ஏர்வே என்று வருவது, தொண்டை திறந்திருந்தும் மூச்சு இழுக்காத நேரம். புரண்டு படுக்கும்போது ஒன்றிரண்டு எல்லோருக்கும் வரும். பிரஷரோ ஈபிஆரோ ஏற்றிய பிறகு இது மணிக்கு ஐந்தைத் தாண்டி, இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் பழைய அமைப்புக்குத் திரும்பி மருத்துவரைப் பாருங்கள். இதற்கு பிரஷர் ஏற்றுவது மருந்து அல்ல. காலையில் வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள். அதிகபட்சத்தை ஒன்று குறைத்துப் பாருங்கள், தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுங்கள்.

லீக் (காற்றுக் கசிவு) கோட்டில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேலே போன இடங்களில் மற்ற எண்களை நம்ப வேண்டாம். மெனுவில் மாஸ்க் வகை சரியாக இருக்கிறதா பாருங்கள். முழு முக மாஸ்க் போட்டுக்கொண்டு நேசல் (மூக்கு மாஸ்க்) என்று வைத்திருந்தால் லீக் கணக்கே தப்பு. பட்டையை உட்கார்ந்து இறுக்காமல், காற்று ஓடும்போது படுத்த நிலையில் சரிசெய்ய வேண்டும். மாஸ்க்கின் சிலிக்கோன் குஷனுக்கு எமன் முகத்து எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கும் பழக்கம் இருந்தால் பட்டை சீக்கிரம் தளரும், குஷன் வழுக்கும். தினமும் காலையில் மிதமான சோப்பு நீர், துடைத்து நிழலில் காயவைத்தால் போதும்.

ஈரப்பதம் பற்றிச் சுருக்கமாக. ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் சேர்ந்து நள்ளிரவில் களகளவென்று எழுப்புவது குளிர்ந்த காற்று குழாய் மேல் படுவதால். சூடாகும் குழாய் இருந்தால் ஆட்டோவில் 27 டிகிரி, இல்லாவிட்டால் குழாய்க்குத் துணி உறை போட்டு ஈரப்பத அளவை 3-க்கு இறக்குங்கள். சென்னை மாதிரி ஊரில் ஏசி இல்லாமல் படுப்பவருக்கு 1 அல்லது 2 கூடப் போதும்.

மாற்றம் வேலை செய்கிறதா என்பதை "இன்னிக்குப் பரவாயில்லை" என்று அளக்காதீர்கள். பகல் தூக்கக் கலக்கத்தை அளக்கும் எப்வொர்த் அளவுகோலில் எட்டுக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. மொத்தம் 10-ஐத் தாண்டினால் தூக்கக் கலக்கம் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டுத் தேதியோடு எழுதுங்கள். வரைபடம் அழகாகி, லீக் அடங்கி, ஏழு மணி நேரம் தூங்கியும் எப்வொர்த் மொத்தம் இறங்கவில்லை என்றால் மெஷினை விட்டுவிட்டுத் தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, சர்க்கரை பாருங்கள். இரவு ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுபவருக்கு எந்த அமைப்பும் உதவாது.

சரி, வாங்கலாமா? இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: மறுபடி வாங்குவதாக இருந்தால் நான் ஆட்டோ வாங்க மாட்டேன். எல்லாம் சரியாகி முடிந்தபோது என் மெஷினில் பிரஷர் வரம்பு 8 முதல் 11 என்று சுருங்கிவிட்டது. இவ்வளவு குறுகிய வரம்புக்கு ஆட்டோ எதற்கு? ஒரு மாதம் ஆட்டோவை வாடகைக்கு எடுத்து எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, மூச்சு வரைபடத்தைப் பதிவு செய்யும் நிலையான பிரஷர் மெஷின் ஒன்றை வாங்கிவிடலாம். வெறும் உபயோக மணிநேரத்தை மட்டும் எழுதும் மலிவான மாடல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

நண்பருக்கு: இருக்கிற மெஷினே இருக்கட்டும். செயலியை நீக்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். பூட்டுக் கட்டையைத் தள்ளிவிட்டு.