தறி ஓடும் ஊரில் கிட்டார் பிக்கப் மாற்றுவது: வருடக்கணக்கில் எது நிற்கிறது

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின் சிக்னலாக்கும் காந்தக் காயில்தான் பிக்கப். புதுசுக்குப் பணம் கட்டும் முன் ஒரு சோதனை. வால்யூமை முழுக்கத் திறந்து, வாசிக்காமல், கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்றுத் திரும்புங்கள். திரும்பும் கோணத்துக்குத் தக்க 'ம்ம்ம்' கூடிக் குறைந்தால், பக்கத்து மோட்டாரின், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தைக் காயில் பிடிக்கிறது என்று பொருள். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம். செப்புத் தாள் ஒட்டினால் இது போகாது. கிட்டார் கம்பியில் கை வைத்ததும் அடங்குகிற 'ஜ்ஜ்ஜ்' வேறு. நோம்பி (ஊர்த் திருவிழா) மேடையில் சீரியல் செட்டிலிருந்து வருவது பெரும்பாலும் அந்த வகை. அதைச் செப்புத் தாளும் நல்ல எர்த்தும் குறைத்துவிடும். கை வைத்தால் சத்தம் ஏறுகிறதா? பிக்கப் நல்லாவே இருக்கும், உள்ளே எர்த் வயரைப் பாருங்கள்.

முதல் வகைக்கு ஹம்பக்கர்தான் மருந்து. 1955-ல் கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே ஏற்பாடு: எதிரெதிராக இணைத்த இரண்டு காயில், எதிரெதிர் காந்த முனை. இரைச்சல் கழிந்துபோகும், கம்பியின் ஒலி கூடும். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிட்டாரில் மரத்தை வெட்ட வேண்டாம். சிங்கிள் காயில் (ஒரே காயில் உள்ள பிக்கப்) அளவிலேயே ரெயில் ஹம்பக்கர் வருகிறது. பிரிட்ஜில் (கம்பிகள் உடலில் முடியும் பக்கம்) அதைப் போட்டு, நெக்கில் (கழுத்துப் பக்கம்) பழைய சிங்கிள் காயிலை விட்டுவைப்பதே எங்கள் பரிந்துரை. நெக்கின் அந்தக் கண்ணாடி போன்ற தெளிவு ரெயிலில் கிடைக்காது.

முழு அளவு ஹம்பக்கர் என்றால், பிக்கப் உட்காரும் இடத்தில் முதல் கம்பிக்கும் ஆறாம் கம்பிக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அகலத்துக்கானதை எடுங்கள். கிப்சன் வகைக்கு 49-50 மி.மீ., ஃபெண்டர் வகை பிரிட்ஜுக்கு 52-53 மி.மீ.

பிக்கப்பின் மின்தடையைச் சொல்லும் ஓம் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஜேபி ஹம்பக்கர் 16.4 கிலோ ஓம், பழைய பாணி ஹம்பக்கர் 7.5-8.5. காயிலில் மெல்லிய செப்புக் கம்பி சுற்றினாலே எண் ஏறும். அதனால் இரண்டு மடங்கு சத்தம் வராது. பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் உள்ள மின்தடை) அதைவிட முக்கியம்: சிங்கிள் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. ஹம்பக்கரை 250-ல் விட்டால் மேல் ஸ்தாயி மங்கிவிடும், பழி பிக்கப் மேல் விழும்.

அதிகம் தவறுவது வயர் நிறத்தில். டங்கனில் கறுப்பு ஹாட் (சிக்னல் வெளியே போகும் வயர்). சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கி ஈயம் வைத்து மூட வேண்டும். இன்னொரு நிறுவனமான டிமார்சியோவில் சிவப்பு ஹாட். கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டிலும் பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த். டங்கன் படத்தைப் பார்த்து டிமார்சியோவை இணைத்தால் இரண்டு காயிலும் ஒன்றையொன்று எதிர்க்கும்: ஒலி சப்பையாகும், இரைச்சலும் திரும்பி வரும்.

எர்த் வயருக்கு ஈயம் வைக்கும் இடமான பாட்டின் முதுகை 25 வாட் சால்டரிங் அயர்ன் போதிய அளவு சூடேற்றாது. ஈயம் மங்கலாக, மணி போல் உருண்டு நிற்கும், நாலு மாதத்தில் விட்டுப்போகும். உப்புத்தாளால் தேய்த்து, 40 வாட்டில் வையுங்கள். ஈயம் பளபளவென்று பரவ வேண்டும்.

பிக்கப்பின் உயரம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பிக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளி சிங்கிள் காயிலுக்குத் தடித்த கம்பிப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லியதில் 2 மி.மீ. இதற்குமேல் ஏற்றினால் காந்தம் கம்பியை இழுக்கும். ஆறாம் கம்பி 12-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே அலையடிக்கும், ட்யூனர் முள் நிலைக்காது.

வருடங்கள் போனால் முதலில் தேய்வது பாட்டும் சுவிட்சும்தான். பிக்கப் செத்தால், பெரும்பாலும் வியர்வை அரித்துக் காயில் முனை அறுந்திருக்கும். மல்டிமீட்டர் ஓப்பன் காட்டும். அதை மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். கோவையில் அந்தத் தொழிலில் கைதேர்ந்தவர்கள் எத்தனையோ பேர், ஆனால் இந்தக் கம்பி 0.063 மி.மீ., தலைமுடி அளவு. ஸ்ட்ராட்டில் ஏறக்குறைய 8,000 சுற்று. முதலில் டேப்பைப் பிரித்து, வெளி வயர் காயிலோடு சேரும் முனையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். வெளிச்சுற்றின் முனை என்றால் ஒரு சுற்றுப் பிரித்து மறுபடி ஈயம் வைக்கலாம். உள்சுற்று என்றால் புதிதாகச் சுற்றத்தான் வேண்டும்.