மூணு வருஷமா போனை டிவில போட்டுப் பாக்கறேன், அந்தச் சுத்துற வட்டத்தைப் பத்தி மட்டும் பேசுவோம்

போன வாரம்தான் டிவிக்குள்ள வைஃபை மாட்யூல், அதாவது வைஃபையைப் பிடிக்கற சின்ன போர்டு, அதை மாத்தினோம். மாத்தின மறுநாளே ஒரு நண்பர் போன் பண்ணி, "புது டிவி எடுக்கப் போறேன், போன் ஸ்கிரீன் அப்படியே டிவில வருதாமே, நீங்க யூஸ் பண்றீங்கல்ல, எப்படி இருக்கு"ன்னு கேட்டாரு. நல்லாருக்குன்னும் சொல்ல வரல, நல்லால்லன்னும் சொல்ல வரல. அதான் உக்காந்து எழுதறேன்.

எல்லாரும் படம் லேட்டா வர்ற லேக்கைத் திட்டுவாங்க, படம் மங்கலா இருக்குன்னு திட்டுவாங்க. எனக்கு அதெல்லாம் பழகிடுச்சு. எனக்கு ஆகாதது அந்த வட்டம். போன்ல மேல இருந்து இழுத்து அந்த ஸ்கிரீன் ஷேர் பட்டனைத் தட்டுவேன், "தேடுகிறது"ன்னு ஒரு வட்டம் சுத்த ஆரம்பிக்கும். டிவி ஆறடி தள்ளி என் மூஞ்சிக்கு நேரா நிக்குது. போனுக்குத் தெரியல. பக்கத்து வீட்டு டிவி பேரு லிஸ்ட்ல வருது, என் டிவி வரல! அப்பா சேர்ல உக்காந்துக்கிட்டு "வந்துருச்சா"ன்னு கேப்பாரு. "இதோ"ன்னுவேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடி "வந்துருச்சா". அந்த ரெண்டாவது வந்துருச்சாக்குத்தான் எனக்குக் கோவம் வரும், அவர் மேல இல்ல, ஆனா போறது அவர் மேலதான்.

இதுல பாதித் தப்பு என்னோடதுதான்னு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுது. எங்க டிவில அந்த ஸ்கிரீன் ஷேர் பக்கத்தைத் திறந்து வச்சாதான் அது வெளில தெரியும், இல்லன்னா கமுக்கமா உக்காந்திருக்கும். அப்புறம் ரிமோட்ல ஆஃப் பண்ணா டிவி ஆஃப் ஆகறதில்ல, சும்மா தூங்குது. சிக்கிக்கிச்சுன்னா சுவத்துல பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிஷம் விட்டு மாட்டணும். இது தெரியாம எத்தனை நாள் ரிமோட்டையே தட்டித் தட்டி உசிரை விட்டிருக்கேன்.

இன்னொரு கூத்து பேரு. 2012ல மிராகாஸ்ட்னு ஒண்ணு வந்துச்சு, ரவுட்டரே வேணாம், போனும் டிவியும் வைஃபை டைரக்ட்ல நேராப் பேசிக்கும். ஆனா ஒரு கம்பெனி அதை ஸ்மார்ட் வியூங்குது, இன்னொண்ணு ஸ்கிரீன் ஷேர்ங்குது, இன்னொண்ணு வயர்லெஸ் டிஸ்ப்ளேங்குது. கூகுள் 2013லயே டிவில சொருகற தன்னோட குரோம்காஸ்ட்டைக் கொண்டுவந்துட்டு, அப்புறம் தன் சொந்த போன்கள்ல மிராகாஸ்ட்டையே தூக்கிடுச்சு. பிக்சல் வச்சிருக்கறவங்க பழைய டிவி முன்னாடி நின்னு வட்டத்தைப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான், ஜென்மத்துக்கும் வராது. ஆப்பிள்காரங்களுக்கு ஏர்ப்ளேன்னு தனி உலகம்.

காஸ்ட் வேற, மிரர் வேற. இதை நண்பருக்குப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. யூடியூப்ல ஓரத்துல இருக்கற அந்தச் சின்னச் சதுரத்தைத் தட்டினா, போன் டிவிகிட்ட எந்த வீடியோன்னு மட்டும் சொல்லும், டிவி தானே நெட்ல இருந்து எடுத்து ஓட்டிக்கும், நீங்க போன்ல வேற வேலை பாக்கலாம், பேட்டரியும் அவ்வளவாப் போகாது. மிரர் அப்படி இல்ல. ஸ்கிரீன்ல தெரியற ஒவ்வொண்ணையும் போன் அந்தந்த நொடியே வீடியோவா சுருக்கி அனுப்பிக்கிட்டே இருக்கணும். போன் சூடாகும், படம் கொஞ்சம் பின்தங்கி வரும், வாட்ஸப் மெசேஜும் டிவில வரும். நான் சொந்தக்காரங்களுக்கு டூர் போட்டோ காமிச்சுக்கிட்டு இருக்கும்போது மேல ஒரு மெசேஜ் இறங்குச்சு, "அவங்க கிளம்பிட்டாங்களா இல்லயா"ன்னு. அவங்க எதிர்லதான் உக்காந்திருந்தாங்க. 43 இன்ச்ல.

காசு கட்டிப் பாக்கற ஓடிடி ஆப்பை மிரர்ல போட்டா பல நேரம் சத்தம் மட்டும் வரும், படம் கருப்பா இருக்கும். காப்பி அடிக்காம இருக்க அவங்க போட்ட பூட்டு அது, டிவி கெட்டுப்போச்சுன்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடாதீங்க.

மாட்யூல் கதைக்கு வரேன். ரெண்டு மாசமா லிஸ்ட்ல டிவி வர்றதே அபூர்வம், வந்தாலும் படம் விட்டு விட்டு வரும். பின்னாடி மூடியைக் கழட்டினா உள்ள கட்டைவிரல் சைஸ்ல ஒரு போர்டு, அவ்வளவுதான். இதுக்காடா இத்தனை நாள் எல்லார்கிட்டயும் கத்தினேன்னு ஆயிடுச்சு. மாத்தினப்புறம் பேரு உடனே வருது, ஆனா விக்கல் மட்டும் நிக்கல. நோண்டிப் பாத்ததுல, போன் வீட்டு வைஃபைல ஒரு சேனல்ல, அதாவது ஒரு அலைவரிசைல இருக்கு, டிவிகூட வேற சேனல்ல பேசுது, போனுக்குள்ள இருக்கற ஒரே வைஃபை ரேடியோ ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடுது. போன்ல வைஃபையை ஆன்லயே வச்சு, வீட்டு நெட்வொர்க்கை மட்டும் கட் பண்ணிட்டு மிரர் போட்டேன். விக்கல் காணோம். போன்ல இருக்கற வீடியோ, போட்டோவுக்கு நெட் எதுக்கு?

அன்னைக்கு ராத்திரி அம்மா பழைய ஆல்பத்தையெல்லாம் நான் போன்ல போட்டோ எடுத்து வச்சதை டிவில பாத்தாங்க. ஒரு குரூப் போட்டோல பின் வரிசைல பாதி மூஞ்சி மட்டும் தெரியற ஒரு பொண்ணை விரலால பெருசாக்கச் சொன்னாங்க. நான் போன்ல விரிக்க விரிக்க டிவில கொஞ்சம் தாமதமா பெருசாச்சு. "இது நான்தான்"னாங்க. ஆல்பத்துல இத்தனை வருஷமா அது யாருன்னு யாரும் கேட்டதே இல்ல. இதுக்காகவே இந்த வசதிக்கு நூத்துக்கு நூறு போடலாம்.

இவ்வளவும் எழுதிட்டு நண்பருக்கு என்ன சொன்னேன்னா, இதை நம்பி டிவி எடுக்காதீங்க, உங்க போன் சார்ஜ் போடற டைப்-சி ஓட்டை வழியா வீடியோ அனுப்புமான்னு பாத்துக்கிட்டு, டைப்-சில இருந்து டிவியோட எச்டிஎம்ஐக்குப் போற ஒரு கேபிள் வாங்கிப் போடுங்கன்னுட்டேன். ஏன்னா நேத்து சாயங்காலம் மறுபடி அந்த வட்டம் பத்து நிமிஷம் சுத்துச்சு, புது மாட்யூலோடயே. கேபிள் எனக்கும் ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.