கடமான் கொம்பில் எத்தனை முனை? நான்கு கணக்கு, நான்கு விடை

ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய பங்களாச் சுவர்களில் உரிமைச் சான்றோடு தொங்கும் கடமான் தலைகள் இன்னும் சில உண்டு. அப்படி ஒரு தலையை எடுத்துக்கொள்வோம். இடது கொம்பில் 3 முனை: புருவத்துக்கு மேலே முன்னோக்கி நீளும் அடிக்கிளை ஒன்று, உச்சியில் தண்டு கவையாகப் பிரிந்த இரண்டு. வலது கொம்பிலும் அதே 3. கூடவே அடிக்கிளையின் கக்கத்தில் 3 செ.மீ. உயரத்துக்கு ஒரு சிறு துருத்தல்.

அமெரிக்காவின் கிழக்கு மாநில வேட்டைக்காரர் இரண்டு பக்கத்தையும் கூட்டி 7 என்பார். மேற்கு மாநிலத்துக்காரர் பக்கம் பக்கமாக 3-க்கு 4 என்பார். அங்கேயே கோவேறு மானுக்குப் (mule deer) பழகியவர்கள் அடிக்கிளையைக் கணக்கில் சேர்க்காததும் உண்டு. அவர்களுக்கு இது 2-க்கு 3. ஐரோப்பியச் செம்மான் வழக்கில் முனை அதிகமுள்ள பக்கத்தை இரட்டிப்பார்கள், ஆகவே 8. இரு பக்கமும் ஒத்துப்போகாததால் 'ஒற்றைப்பட்ட எட்டு'. தலை ஒன்றுதான், யாரும் தப்பாக எண்ணவும் இல்லை.

சண்டையெல்லாம் அந்தத் துருத்தலால்தான். மோதிரத்தை மாட்டினால் நிற்கிறதா, அப்படியானால் அது முனை என்பது ஐரோப்பாவின் பழைய சோதனை. வேட்டை விலங்குகளின் கொம்பளவைப் பதிவு செய்ய, 1887-இல் தொடங்கிய அமெரிக்காவின் பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் வைத்திருக்கும் விதி கறாரானது: நீளம் குறைந்தது 1 அங்குலம் (2.54 செ.மீ.) இருக்க வேண்டும், அகலத்தைவிட நீளமும் கூடுதலாக இருக்க வேண்டும். நம் துருத்தல் 3 செ.மீ. உயரம், அடியில் 3.5 செ.மீ. அகலமாகப் படர்ந்து அப்படியே கூம்பினால், மோதிரம் நின்றாலும் இங்கே தேறாது. அந்தச் சங்கம் வட அமெரிக்க விலங்குகளை மட்டுமே பதிவு செய்கிறது. ஆனாலும் முனை எது, புடைப்பு எது என்று பிரிக்க இந்த விதியைக் கடன் வாங்குவதில் தவறில்லை. மோதிரச் சோதனையோ மோதிரத்தின் அளவைப் பொறுத்து மாறும்.

எண்ணுகிறவர்கள் அடிக்கடி சறுக்குவது தண்டின் நுனியில். கிளைகளை மட்டும் எண்ணிவிட்டு, தண்டு முடியும் முனையை விட்டுவிடுவார்கள்; 6 முனைக் கடமான் 4 ஆகிவிடும்.

நம் மலைக்கு எது பொருந்தும்? எண்ணிக்கைக் கணக்கு எதுவுமே அவ்வளவாகப் பொருந்தாது என்பதே எங்கள் கருத்து. அவலாஞ்சியிலோ பேரிஜத்திலோ திரியும் வளர்ந்த கடமானுக்குப் பக்கத்துக்கு 3. மசினகுடிப் புள்ளிமானுக்கும் பக்கத்துக்கு 3. முதலில் ஒற்றைக் குச்சி, பிறகு கவை, பிறகு மூன்று, அதோடு நின்றுவிடும். முனையை வைத்து வயது சொல்வது வீண்வேலை. புள்ளிமானுக்கு அடிக்கிளை பிரியும் இடத்தில் பொய்முனைகள் முளைப்பது சகஜம் என்பதால் எண்ணிக்கை இன்னும் ஏமாற்றும்.

வித்தியாசம் தெரிவது வடிவத்தில். கடமான் தண்டு தடித்தது, சொரசொரப்பானது. அடிக்கிளை தண்டோடு குறுங்கோணத்தில் ஏறும். புள்ளிமான் கொம்பு மெலிந்து, யாழ்போல் வளைந்து, வழவழப்பாக இருக்கும். அடிக்கிளை கிட்டத்தட்ட செங்கோணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். கேளையாடு என்ற சிறு மானுக்கோ மயிர் மூடிய நீண்ட அடித்தண்டின் மேல் குட்டைக் கொம்பு, எண்ண ஒன்றுமில்லை. வரையாட்டையும் காட்டெருமையையும் இந்தப் பேச்சில் இழுக்கக் கூடாது. அவற்றுக்கு இருப்பது உதிராத கொம்பு, கிளையும் விடாது.

அளப்பதானால் 6 மி.மீ. அகல எஃகு நாடா போதும். கொம்பின் வெளிவளைவை ஒட்டி, அடி வளையத்திலிருந்து உச்சிக் கவையின் நீளமான முனைவரை பிடியுங்கள். பிறகு தண்டின் நடுச்சுற்றளவு. துணி நாடா இழுபடும், அதை நம்ப வேண்டாம்.

இதெல்லாம் சுவரில் இருக்கும் பழைய தலைக்குத்தான். 1879-இலேயே நீலகிரிக்கென்று வேட்டைச் சட்டம் வந்துவிட்டது. 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று மான் வேட்டை குற்றம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்பை வீட்டுக்கு எடுத்துப் போனாலும் வழக்குதான். உயிருள்ள மானைப் படத்தில் எண்ணுகிறவர்கள் முக்கால் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்: நேர்முகப் படத்தில் அடிக்கிளை நம்மைப் பார்த்து நிற்பதால் குட்டையாகத் தெரியும், முழுப் பக்கவாட்டில் இரண்டு கொம்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முனைகள் கலந்துவிடும்.