ஆர்எக்ஸ்-8க்கு ஹாஃப்-கட் எஞ்சின் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மலேசியாவில் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. காலையில் சாவி திருப்பியதும் கிளம்பிவிடும் என் வண்டி, பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினால் சண்டித்தனம் செய்தது. இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரகம். அது சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பெரும்பாலும் கம்ப்ரெஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் திறன், போய்விட்டது என்று அர்த்தம்.

பழையதைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் வண்டிகளிலிருந்து (அதுதான் ஹாஃப்-கட்) எஞ்சின் எடுக்கலாம். செலவுக்குப் பயந்து இரண்டாவதற்குப் போனேன். கிள்ளான் பக்கம் ஒரு கடை. "ஜப்பான் சாமான் தம்பி, நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார் முதலாளி. மீட்டர் எங்கே என்று நான் கேட்கவில்லை. என் மடத்தனம்.

என்னை விழவைத்தது அங்கே காட்டிய கம்ப்ரெஷன் சோதனைதான். தரையில் கிடந்த எஞ்சினுக்கு இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துக் கொடுத்து, பிளக் துளையில் சாதாரண கேஜைத் திருகிச் சுற்றவிட்டார். முள் ஏழரையில் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு) போய் நின்றது. "பாத்தீங்களா!" என்றார். 6,500 வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.

ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று முனையிலும் காற்று கசியாமல் அடைக்க ஒவ்வோர் அபெக்ஸ் சீல். மூன்று முகத்துக்கும் தனித்தனி அளவு பார்க்க வேண்டும். பிஸ்டன் எஞ்சினுக்கான கேஜோ மூன்றில் பெரியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பேட்டரி கொடுத்து வேகமாகச் சுற்றினால் அளவும் ஏறும். அதனால்தான் நிமிடத்துக்கு 250 சுற்றுக்குக் கணக்கிட்டுப் பார்ப்பார்கள். அந்த வேகத்தில் குறைந்தது 6.9 இருக்க வேண்டும். முன்னதாகத் துளையில் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டிருந்தால் அதுவும் அளவைத் தூக்கிக் காட்டும். மாட்டி முடித்து முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது பட்டறை முழுக்க வெள்ளைப் புகை. கடைக்காரர் எண்ணெய் விட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

புகை அடங்கியது, சூடானதும் அதே பழைய சண்டித்தனம். மூன்று முகத்தையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி டெஸ்டர் வைத்திருக்கும் ஒரு போர்மனை (மெக்கானிக்) தேடிப் பிடித்தேன். முன் ரோட்டர் 6.3, 6.1, 6.2. பின் ரோட்டர் 5.8, 4.0, 3.9. "பக்கத்துப் பக்கத்து ரெண்டு முகம் விழுந்திருக்கு, நடுவுல இருக்கிற சீல் போச்சு" என்றார். மாட்டிய கூலியும் எண்ணெயும் சேர்த்து இன்னும் 1,800 வெள்ளி. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) எஞ்சின் நம்பரை மாற்றப் போவதற்குள் இது தெரிந்துவிட்டது, அந்த அலைச்சலாவது மிச்சம்.

ரசீதில் ஏழு நாள் வாரண்டி. மாட்டி முடிக்கவே ஒன்பது நாள் ஆனது. "உங்க போர்மன் லேட் பண்ணினா நான் என்ன செய்ய?" என்றார் கடைக்காரர். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்து, மேலே 1,500 வெள்ளி போட்டால் வேறு எஞ்சின் தருவதாகச் சொன்னார். சரி, டெஸ்டரோடு போர்மனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து போனை எடுப்பதில்லை.