காணாமல் போன மகள்: கதை 2009இல் நடப்பதா, இப்போது நடப்பதா?

இலங்கையின் வடக்கே வன்னியில் நடக்கிற குற்ற நாவல், மகளைத் தேடும் தாய்தான் மையம். இதுவரைக்கும் யாருக்கும் சிக்கல் இல்லை. எழுத உட்காருகிற எவரும் முட்டி நிற்கப்போகிற இடம் அடுத்ததுதான்: மகள் எப்போது காணாமல் போனாள்? போர் முடிந்த 2009 மே என்றால் ஒரு நாவல், போன வருடம் என்றால் முற்றிலும் வேறு நாவல். என் வாக்கு இரண்டாவதற்கு. ஆனால் முதலாவதை அவ்வளவு லேசாகத் தள்ளிவைக்கவும் முடியாது.

ஏனென்றால் முதலாவதில் எல்லாமே எழுத்தாளர் கையில் தயாராக இருக்கிறது. வட்டுவாகல் பாலம், ஓமந்தை சோதனைச்சாவடி, ஒரு நாள் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள்கூடப் பதிய வேண்டும் என்று கத்திய ஒலிபெருக்கி, மகளை ஏற்றிக்கொண்டு போன பஸ், பிறகு சனத்தை அடைத்துவைத்த செட்டிக்குளத்து முகாமின் முள்ளுக்கம்பி. தடயங்களும் இருக்கின்றன, எல்லாம் அம்மாவின் ஒரு சொப்பின் பைக்குள். லமினேட் செய்த படம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, 2010இல் அமைத்த ஆணைக்குழுவுக்குச் சொன்னது, 2013இல் அமைத்த ஆணைக்குழுவுக்குச் சொன்னது, 2018இல் ஆணையாளர்களை நியமித்துத் தொடங்கிய காணாமல் போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குத் திரும்பவும் சொன்னது. ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது, ஒன்றில் மகளின் பெயர் பிழை, இன்னொன்றில் கையளித்த திகதி ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று வையுங்கள். கெட்டிக்கார எழுத்தாளருக்கு அந்த ஒரு நாள் வித்தியாசமே முந்நூறு பக்கத்துக்குப் போதும்.

சரி, பிறகு என்ன குறை? குற்ற நாவலை வாசிக்கிறவர் யார் செய்தது என்று தெரியத்தான் பக்கம் புரட்டுகிறார். இங்கே அது முதல் பக்கத்திலேயே அம்மாவுக்குத் தெரியும், பட்டப்பகலில், சனம் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையாலேயே இராணுவத்திடம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். மிஞ்சுகிற கேள்வி மகள் எங்கே, அவளுக்கு என்ன நடந்தது என்பதுதான். அதற்கு விடை எழுத்தாளரிடம் கிடையாது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் அம்மாக்கள் கேட்டதும் இதைத்தான், அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்தும் போய்விட்டார்கள். அந்த விடையை நான் மேசையில் இருந்து கற்பனை பண்ணி, ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவன் கடைசி அத்தியாயத்தில் அழுதுகொண்டு ஒப்புக்கொள்வதாக எழுதினால் அது துணிச்சல் இல்லை, திமிர். விடை இல்லாமல் விட்டால் நல்ல நாவலாக வரலாம், ஆனால் அது குற்ற நாவல் என்ற சட்டைக்குள் நிற்காது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு மண் தோண்டும்போது எலும்புகள் வந்தன, உடைகள் வந்தன. அந்தக் கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவை நிறுத்தி மகளின் சட்டையை அடையாளம் காட்ட வைக்க யாரோ ஒருவர் எழுதத்தான் போகிறார். எனக்குக் கை வராது.

நீதிமன்றக் கதையாக எழுதலாமே என்று கேட்பீர்கள். 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுக்களில் தீர்ப்பு வர 2022 டிசம்பர் ஆனது. தவணை, தவணை, தவணை. விறுவிறுப்பு எங்கே இருந்து வரும்?

இனி இரண்டாவது. ஏ35 வீதியில், தர்மபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் ஒரு ஊர். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற இருபத்திமூன்று வயது மகள், இரவு முறை முடிந்து கொம்பனி பஸ்ஸில் இருந்து சந்தியில் இறங்கியிருக்கிறாள், வீட்டுக்கு வரவில்லை. யார் தேடுவது? பொலிஸ் அதிகாரியைக் கதாநாயகன் ஆக்குவது தென்னிந்தியப் படத்துக்குச் சரி. இங்கே வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டு, வாசிக்கத் தெரியாத அம்மாவிடம் கீழே கையெழுத்து வாங்குகிற காட்சியிலேயே அந்த நாயகன் விழுந்துவிடுவான். "யாரோடயும் போயிருப்பா, ரெண்டு நாள் பாருங்க அம்மா" என்பான் வேறு. சட்டத்தரணி தேவை, தொலைபேசி அழைப்பு விபரம் எடுக்க நீதவானின் உத்தரவு வேண்டுமே, ஆனால் அவர் நீதிமன்ற வாசலைத் தாண்டி ஒழுங்கைக்குள் வரமாட்டார்.

ஆக அம்மாதான். அவளால் மட்டும் எடுக்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது, இந்தக் கருவில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: இரவு இரண்டு மணிக்கு அந்த வீதியால் மணல் ஏற்றிப் போன டிப்பர்க்காரன். அனுமதிப்பத்திரம் இல்லாத மணல். சந்தியில் நின்ற வானைக் கண்டவன் அவன் ஒருவன்தான், பொலிசுக்குச் சொன்னால் அந்த நேரத்தில் அங்கே என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அம்மாவிடம் சொல்வான், "அக்கா, நான் சொன்னனெண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ." இப்படி ஊரில் எல்லோரும் தங்கள் சின்னக் களவை மறைக்கப் போய்ப் பெரிய களவை மறைக்கிறார்கள். கசிப்புக் காய்ச்சுகிறவரும் அப்படி, நுண்கடன் குழுவில் ஒருவருக்கொருவர் பிணை நின்ற பெண்களும் அப்படி. துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

2009 இதில் இல்லாமலும் போகாது. அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது என்றால் அவள் ஏற்கெனவே ஒரு தம்பியையோ தங்கச்சியையோ கையளித்தவள். பொலிசில் மகளின் படத்தைக் கேட்டால் போட்டோக் கொப்பிதான் கொடுப்பாள். மூலப்பிரதியை இனி எவர் கையிலும் கொடுக்கமாட்டாள், ஏன் என்று அவளும் சொல்லமாட்டாள், நாவலும் விளக்கத் தேவையில்லை. வன்னியில் வாசிக்கிறவருக்கு அந்த ஒரு வரி காணும்.

இரண்டாவதிலும் ஒரு ஆபத்து உண்டு. கொஞ்சம் அசந்தால் நாடகத் தொடராகிவிடும், அதிலும் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் கடன் அறவிட வருகிற பெடியனைக் குற்றவாளி ஆக்கினால் வாசகர் மூன்றாம் அத்தியாயத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவனைச் சந்தேகத்தோடு விடுங்கள். மகள் உயிரோடு கட்டுநாயக்கா பக்கம் ஒரு போர்டிங்கில் இருக்கிறாள், பிணை நின்ற கடனுக்குப் பயந்து போனவள், அம்மாவைக் கண்டும் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று முடித்தால்? கிணற்றில் பிணம் கிடைக்கிற முடிவை விட எனக்கு இது பிடித்திருக்கிறது. அந்த வானில் அவளை ஏற்றிவிட்டது அதே கடன் குழுவின் தலைவியாக இருக்கட்டும், முதல் அத்தியாயத்தில் அம்மாவோடு கூடவே பொலிசுக்குப் போனவள்.